பேர் சொல்லாத ஊர்

சூரியன் ஏன் இப்படி மூஞ்சிக்கு நேரா அடிக்குது? சாயங்காலம் ஊருக்குத் திரும்பறவளுக்கு வெயில் முதுகுல இல்ல படணும்? காலையில மேக்கால போனோம், முதுகுல பட்டுது. இப்ப கெழக்கால போனா மறுபடியும் முதுகுலதான் படணும். மூஞ்சில படுதுன்னா நான் இன்னும் மேக்காலதான் போய்க்கிட்டிருக்கேன், அப்படின்னா அஞ்சலாட்சி, நீ வழி தப்பிட்டடி. யம்மாடி. வழி தப்பிட்டேன், அம்பத்து நாலு வயசுல, லைசன்ஸ் வாங்கி நாப்பத்தோரு நாள்ல, நானே காரை ஓட்டி நானே வழி தப்பிட்டேன். இதுவரைக்கும் யாராவது ஓட்டி யாராவது தப்பவிட்டு நான் பின்னாடி சீட்டுல சாப்பாட்டுக் கூடையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். பயம்தான வரணும், ஆனா திருவிழா ராட்டினத்துல மேல போயி ஒரு நிமிஷம் நிக்கும் பாரு, அது மாதிரி இருக்குது. சிரிப்பு வேற வருது. சிரிக்காதடி, வாயைப் பொத்திக்கிட்டு ஓட்டு. பக்கத்து சீட்டுல எங்க வீட்டுக்காரரு கண்ணாடில தலையைச் சாச்சு கொர் கொர்ருனு குறட்டை விடறாரு, அவரு முழிக்கக் கூடாது. முப்பத்தி ரெண்டு வருஷம் சர்வேயரா இருந்த மனுஷன், இந்தச் சுத்துப்பட்டுல எந்த வரப்பு எந்த வாய்க்கால்ல போயி முட்டும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாரு. இப்ப கண்ணு புகை மூட்டமா இருந்தாலும் சேத்து வாசனையை வச்சே இது எந்த ஊரு வயல்னு கண்டுபுடிச்சிடுவாரு. கண்டுபுடிச்சா வண்டி போச்சு. ஏங்க, தூங்குங்க, நல்லா தூங்குங்க, மத்தியானம் உங்களுக்கு ஒரு கரண்டி புளிசோறு அதிகமா வச்சது இதுக்குத்தான் போலருக்கு.

எல்லாம் பந்தயம். சக்கரை கண்ணுல எறங்கிடுச்சு, இனிமே ஸ்டியரிங்கைத் தொடாதீங்கன்னு டாக்டரம்மா சொல்லி ஆறு மாசம் ஆவுது. அன்னியிலேருந்து மனுஷன் வாசப்படி தாண்டல. டிவியைப் போட்டுட்டு அதைப் பாக்காம சொவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு, சோறு போட்டா திம்பாரு, போடலன்னா கேக்க மாட்டாரு, சிரிப்புன்னா வீசை என்ன விலைன்னு கேப்பாரு. ஒரு நாள், "கண்ணு போனவனுக்குக் காரு எதுக்கு, வித்துடலாம்"னுட்டாரு. எனக்குச் சுருக்குன்னுச்சு. வண்டி போனா இந்த ஆளு அந்தச் சொவத்தோடயே போயிடுவாரு, எனக்கு நல்லாத் தெரியும். அதான் பிரதோஷத்துக்குப் போறேன்னு பொய் சொல்லிட்டு டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். மாசத்துக்கு ரெண்டு பிரதோஷம்தான வரும், இவளுக்கு மட்டும் தெனத்துக்கும் எப்படி வருதுன்னு மூணாம் நாளே கண்டுபுடிச்சிட்டாரு. திட்டுவாருன்னு பாத்தேன், திட்டல. அங்க மாஸ்டரு லெப்டு ரைட்டுன்னு கத்த, நான் மாத்தி மாத்தித் திருப்ப, அதைச் சொல்லி அழுதப்ப இவருதான், "லெப்டு ரைட்டெல்லாம் விட்டுடு, சோறு திங்கிற கை சோத்தாங்கை, மத்தது நொட்டாங்கை, அதை வச்சு ஓட்டு"ன்னாரு. அன்னிக்குப் புடிச்சுது பாரு கை. ஆனாலும் வண்டியைப் பாக்க செவ்வாக்கிழமை ஒருத்தன் வரான். அவன்கிட்ட பேசி முடிச்சிட்டாரு. நான் ஒரே புடியா நின்னேன், ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் ஓட்டிக் காட்டறேன், அப்புறம் வித்துக்குங்கன்னு. அப்பதான் பந்தயம் கட்டினாரு: "கங்கைகொண்ட சோழபுரம் போயிட்டு வரணும். நான் வாயே தொறக்க மாட்டேன். பொழுது சாயறதுக்குள்ள வாசல்ல கொண்டாந்து நிறுத்திட்டன்னா வண்டி உனக்கு. நடுவுல ஒரே ஒரு தடவை என்னைக் கூப்பிட்டு வழி கேட்டாலும் வண்டி அவனுக்கு." கூப்பிட மாட்டேன் சாமி, கூப்பிடவே மாட்டேன். போறப்ப ஒரு தப்பும் இல்ல, ரெண்டு தடவைதான் கிளட்சை வெடுக்குனு விட்டு வண்டி குலுங்கி நின்னுது, அது கணக்குல வராது. அங்க போயி அந்த மனுஷன் கோயில் சொவத்தைத் தடவித் தடவிக்கிட்டே ஒரு சுத்து சுத்தி வந்தாரே, கல்லு இன்னும் சூடா இருக்குதுடின்னாரே, ஆறு மாசத்துல அவரா சந்தோஷமா பேசின மொத வார்த்தை அது. வீட்டுச் சொவத்தைப் பாத்துக்கிட்டு இருந்த ஆளுக்கு வேற சொவரு காட்டியிருக்கேன். அடுத்த வாரம் கடலைக் காட்டணும், அதுக்கு வண்டி வேணும்.

இந்த ஃபோனு மட்டும் சாவாம இருந்திருந்தா. காலையிலேருந்து என் பொண்ணு சுகந்தி பெங்களூருலேருந்து, அம்மா கோபுரத்தைக் காட்டு, அம்மா அப்பாவைக் காட்டு, நீ ஓட்டறதைக் காட்டுன்னு வீடியோவுலயே குடும்பம் நடத்தினா. காட்டுமன்னார்கோயில் தாண்டறதுக்குள்ள ஃபோனு கண்ணை மூடிடுச்சு. அவரு வச்சிருக்கறது பட்டன் ஃபோனு, அதுல மேப்பு கெடையாது. வேலை நடக்குது, மாற்றுப்பாதைன்னு அம்புக்குறி போட்டு ஒரு பலகை வச்சிருந்தான், திரும்பினேன். அடுத்த முக்குல பலகையைக் காணோம். ரோட்டுக்கல்லைப் பாக்கலாம்னா அது மேல எவனோ கண்ணீர் அஞ்சலி ஒட்டி வச்சிருக்கான், செத்தவரு படத்துக்குப் பின்னாடிதான் என் ஊரு எத்தினி கிலோமீட்டர்னு இருக்குது. மேப்புல வழி சொல்ற அந்த ஃபோனுக்காரியை நெனச்சா இன்னும் எரிச்சலா இருக்குது. கெளம்பும்போதே ஒரு கூச்சம் இல்லாம, "சிதம்பரம் சென்றடைய ஒரு மணி நேரம் இருபது நிமிடங்கள்"ங்கறா. எங்க வீட்டுக்காரரு பேரை நான் முப்பது வருஷமா நாக்குல வச்சதில்ல, இவ சும்மா பொசுக்கு பொசுக்குனு சொல்றா. என் தலையெழுத்து, புருஷன் பேரும் குடியிருக்கிற ஊரு பேரும் ஒண்ணே. பேரு சொன்னா புருஷனுக்கு ஆயுசு குறையும், ஒரு தடவைக்கு ஒரு நாளுன்னு தாலி கட்டின அன்னிக்கு எங்கம்மா காதுல ஓதி அனுப்பிச்சுது. அதை நம்பறியாடின்னு கேட்டா நம்பல, சொல்லுடின்னா வாய் வராது. பஸ்ல கண்டக்டர் எந்த ஊருன்னு கேட்டா கடைசி ஸ்டாப்பும்பேன். கடைசி ஸ்டாப்பு வேற ஊரா இருந்தா அதுக்கும் சேத்து டிக்கெட் எடுத்துட்டு நடுவுல எறங்கிக்குவேன். சுகந்தி கிண்டல் பண்ணிப் பண்ணி ஓஞ்சுபோயிட்டா. அவரும் ஒண்ணும் குறைச்சல் இல்ல. வீட்டுல இருந்தா "இந்தா", வெளி ஆளுங்ககிட்ட "வீட்ல". வீட்ல கேக்கணும், வீட்ல ஊருக்குப் போயிருக்கு, வீட்ல ரெண்டு நாளா காய்ச்சல். ஏதோ கட்டடத்துக்குக் காய்ச்சல் வந்த மாதிரி. அஞ்சலாட்சின்னு ஒரு பேரு ரேஷன் கார்டுல மட்டும்தான் குடியிருக்குது.

ஆனா வழி கேக்கணுமே. அதோ ஒரு டீக்கடை, வண்டியை ஓரம் கட்டி, கதவை மெதுவா சாத்தி, எட்டடி தள்ளிப் போயி, அடுப்புல கொள்ளி தள்ளிக்கிட்டிருந்த பொம்பளகிட்ட ரகசியம் மாதிரி கேட்டேன். ஊரு பேரு தொண்டை வரைக்கும் வந்துது, அங்கயே உக்காந்துக்கிச்சு. சரி, எங்க ஊருன்னா உலகத்துக்கே தெரியுமே, "யக்கா, நடராசர் கோயிலுக்கு எப்படிப் போவணும்?"னேன். அந்தம்மா ஒரு நொடி யோசிக்கல. "நடராசரா? இப்படியே போயி அரசமரத்துக்கிட்ட சோத்தாங்கைப் பக்கம் திரும்புனா நேரா வாசல்லயே போயி நிக்கும் தாயி." அட, என் பாஷையிலயே சொல்றாங்களேன்னு குளுந்துபோயி ஒரு டீ கூட குடிக்காம ஓடியாந்தேன். அரசமரம் வந்துது, திரும்பினேன். ரோடு ஒத்தையாச்சு, ரெண்டு பக்கமும் நாணலு கண்ணாடியை உரசுது, கோழி குறுக்கால ஓடுது, ஹாரனை அடிச்சா இவரு முழிச்சுக்குவாரு, அதனால கோழியைப் பாத்து கையெடுத்துக் கும்பிட்டேன், அதுவா போச்சு. இவ்ளோ பெரிய ஊருக்கு இவ்ளோ சின்ன ரோடான்னு ஒரு யோசனை வந்துது, வந்தப்பவே மதிச்சிருக்கணும். வாசல்லயே போயி நின்னுது வண்டி. புதுசா பெயின்ட் அடிச்ச ஒரு கோயிலு, எங்க வீட்டு சமையக்கட்டு அளவு இருக்கும், மேல அருள்மிகு நடராசர்னு பச்சை எழுத்து. உள்ள காலைத் தூக்கிக்கிட்டு நிக்கறாரு, வந்துட்டியாடின்னு கேக்கற மாதிரி. கூட்டிக்கிட்டிருந்த ஆளு வெளக்குமாத்தை வச்சுட்டு, "நடை ஆறு மணிக்குத்தாம்மா தொறப்பாங்க, உக்காருங்க"ன்னாரு. "இல்லைங்க, நான் கேட்டது பெரிய நடராசர்"னேன். அவரு மூஞ்சி சுருங்கிடுச்சு. "இந்தச் சுத்துல இதுதாம்மா பெரிசு." சிரிப்பு முட்டிக்கிட்டு வருது, அழுகையும் கூடவே வருது, ரெண்டையும் அடக்கினதுல விக்கல் வந்துடுச்சு. இதுக்கு மேல வெளக்கிச் சொல்ல எனக்கும் தெம்பில்ல, கெழக்கால போவணும்னேன். பின்னால போயி ஏரிக்கரை மேல ஏறிடுங்க, ஏறித் தெக்கால போயி, அங்க யாரையாவது கேளுங்கன்னாரு. அபச்சாரமா பேசிட்டோமேன்னு கன்னத்துல போட்டுக்கிட்டு வண்டில ஏறினா, குறட்டை நின்னிருக்குது. எனக்கு உசுரே நின்னுது. ரெண்டு மூச்சு பாத்தேன். அப்புறம் மறுபடியும் வந்துது, கொஞ்சம் தாளம் தப்பி.

முதல் கியரைப் போட்டு சரிவுல ஏறினேன், மூக்கு மேல தூக்கினாப்ல வண்டி வானத்தைப் பாத்துது, ரோடே தெரியல, அப்புறம் பொத்துனு சமதரைக்கு வந்தா, அடேங்கப்பா. தண்ணி. வீராணம் ஏரி. சோத்தாங்கைப் பக்கம் பூரா தண்ணி, அக்கரைன்னு ஒண்ணு இருக்கற மாதிரியே தெரியல, வெயிலு அது மேல விழுந்து தகதகன்னு கண்ணைக் குத்துது. நொட்டாங்கைப் பக்கம் பள்ளத்துல வயலு, கதிரு சாஞ்சு மஞ்சளா கெடக்குது. நடுவுல கரை, கரை மேல ரோடு, ரோடு மேல நானு. இதைப் பத்திக் காதால கேட்டதோட சரி, ஒரு நாளும் வந்து பாத்ததில்ல. ஏங்க பாருங்கன்னு கத்தத் தோணுது, கத்தினா பந்தயம் போவும். இவருக்கு இன்னும் கொஞ்சம் பார்வை இருக்கறப்பவே இதைக் காட்டலன்னா நான் எதுக்கு ஓட்டக் கத்துக்கிட்டேன்? காட்டவும் முடியல, எழுப்பவும் முடியல. என்ன பொழைப்புடா இது. நீட்டுன கையில சூரியனுக்கும் தண்ணிக்கும் நடுவுல எத்தினி விரலு அடங்குதோ அத்தினி கால்மணி நேரம் பொழுது இருக்குதுன்னு இவருதான் எப்பவோ சொல்லிக் குடுத்தாரு. மூணு விரலு அடங்குது. முக்கா மணி நேரம். போதும், போயிடலாம், சரியான ரோட்டைப் புடிச்சாப் போயிடலாம். அப்பதான் எதிர்ல கரும்பு டிராக்டரு வந்துது. ரெண்டு டிரெய்லர் கட்டி, கரும்பு ரெண்டு பக்கமும் மீசை மாதிரி துருத்திக்கிட்டு, ரோட்டை அடைச்சுக்கிட்டு வருது. அவன் பின்னால போவ முடியாது, அது எனக்கே தெரியுது. நான்தான் போவணும். ரிவர்சு. எனக்கும் ரிவர்சுக்கும் ஆவாதுன்னு மாஸ்டரு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காரு. பின்னால பாதி ஃபர்லாங்குல ஒரு மதகு மேடை இருந்துது, கொஞ்சம் அகலமா. சாமி, இந்தப் பக்கம் தண்ணி, அந்தப் பக்கம் பள்ளம், நடுவுல உன் புள்ள. கழுத்தைத் திருப்பினேன். பின்னால போவும்போது கையும் மாறுமா, சோத்தாங்கை நொட்டாங்கை ஆயிடுமா? ஆவாது, கை கையாத்தான் இருக்கும், ஓட்டுடி. ஊர்ந்து ஊர்ந்து, கல்லு டயர்ல நறநறங்குது, கண்ணாடில தண்ணி, தண்ணி, தண்ணி மட்டும், அப்புறம் மதகுச் சொவரு வந்துது, ஒடிச்சேன், நின்னேன். டிராக்டர்க்காரன் தாண்டும்போது குனிஞ்சு பாத்து, "சூப்பரும்மா"ன்னுட்டுப் போனான். மாஸ்டரு கூட என்னை அப்படிச் சொன்னதில்ல. ஸ்டியரிங் பூரா வேர்வை, காதெல்லாம் சூடு, நான் எழுந்து ஆடாத குறை. திரும்பிப் பாத்தா இவரு தூங்கிக்கிட்டுதான் இருக்காரு, ஆனா வேட்டியை ரெண்டு கையாலயும் கசக்கிப் புடிச்சிருக்காரு. கெட்ட கனவு போலருக்கு, பாவம்.

ரெண்டு விரலு. கொஞ்ச தூரம் வந்ததும் கரை ரோடு ரெண்டாப் பிரியுது, ஒண்ணு கரை மேலயே நேரா, ஒண்ணு நொட்டாங்கைப் பக்கம் சரிஞ்சு வயலுக்குள்ள எறங்குது. எது? தப்பா எறங்கிட்டா திரும்பி ஏற நேரமில்ல. பலகை கெடையாது, கடை கெடையாது. கீழ வயல் ஓரத்துல ஒரு வாத்து மேய்க்கிறவரு மட்டும், தலையில துண்டு, கையில நீட்டுக் கழி, சுத்திலயும் ஐநூறு வாத்து, அத்தினியும் ஒரே நேரத்துல கத்துது. எறங்கிப் போயிக் கேக்க வரப்புல அஞ்சு நிமிஷம் ஆவும், வர அஞ்சு நிமிஷம். என் பக்கத்துக் கண்ணாடியை எறக்கினேன். "அண்ணே! நடராசர்..." ஐயோ வேணாம், அது ஒரு தடவை பட்டது போதும். "அண்ணே! அந்தப் பெரிய ஊரு!" அவரு காதுல கையை வச்சு, "எந்த ஊரு?"ங்கறாரு. எந்த ஊரு, எந்த ஊரு. பேரு தொண்டையில நிக்குது. அம்மா, ஒரு தடவைக்கு ஒரு நாளுன்னியே, சொல்லாம இருந்தேனே முப்பது வருஷம், அப்புறம் ஏன் கண்ணு போச்சு? சொல்லாததுல என்ன மிச்சமாச்சு? சொவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிற நாளெல்லாம் ஒரு நாளா? சூரியன் எறங்குது, இந்த மனுஷனை மறுபடியும் அந்தச் சொவத்துக்கிட்ட கொண்டுபோயி உக்கார வைக்க என்னால முடியாது. தலையை வெளில நீட்டி, வண்டிக் கூரைக்கு மேலால வயல் பக்கம் பாத்து அடிவயித்துலேருந்து கத்தினேன். "சிதம்பரம்! அண்ணே, சிதம்பரம்! சிதம்பரம் எந்தப் பக்கம்?" வாத்தெல்லாம் ஒரு நொடி வாயை மூடிக்கிச்சு. அந்த அமைதியில எனக்குப் பக்கத்துலேருந்து பதில் வந்துது.

"நொட்டாங்கைப் பக்கம்." திரும்பினேன். நொட்டாங்கைப் பக்கம்தான், அவருதான், நல்லா முழிச்சுக்கிட்டு, கண்ணை இடுக்கி ஏரியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. கீழ வாத்துக்காரரும் கழியைத் தூக்கி அந்தச் சரிவைத்தான் காட்டறாரு. எனக்கு மூஞ்சி ஜிவ்வுனு சூடாச்சு, கல்யாணத்தன்னிக்குக் கூட அப்படி ஆனதில்ல. "கூப்பிட்டு வழி கேட்டுட்ட, பந்தயம் தோத்துட்ட"ன்னாரு. "உங்களை யாரு கூப்பிட்டா? நான் ஊரைக் கேட்டேன்." "ஊரா பதில் சொல்லுச்சு? நான்தான சொன்னேன்." "நீங்க ஏன் சொன்னீங்க? வாயே தொறக்க மாட்டேன்னீங்களே?" "பேரு சொல்லிக் கூப்பிட்டா மனுஷன் பதில் சொல்லாம இருப்பானா? அண்ணாமலை நகர்னு கேட்டிருக்கலாமில்ல?" அட ஆமா. அண்ணாமலை நகர், பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு இருக்கற ஊரு. புத்தி எப்பவும் பஸ்ஸு போனப்புறம்தான் ஸ்டாப்புக்கு வரும். "எப்ப முழிச்சீங்க?" "சின்ன நடராசருகிட்டயே. பெரிசு எங்கன்னு கேட்டியே, அப்ப." சொல்லும்போதே அவருக்குத் தோளு குலுங்க ஆரம்பிச்சுது, மொதல்ல இருமறாருன்னு நெனச்சேன், அப்புறம் பாத்தா சிரிப்பு, கண்ணுல தண்ணி வர்ற சிரிப்பு, ஆறு மாசமா எங்க வச்சிருந்தாரோ. நானும் சேந்துக்கிட்டேன், வயித்தைப் புடிச்சுக்கிட்டு, ஹாரன் மேல கவுந்து, அது வேற பாம்னு அடிக்குது. அடங்கினதும் கேட்டாரு, "மூணு வாட்டி கத்தினியா?" எனக்குச் சிரிப்பு அப்படியே நின்னுது. எங்கம்மா ஓதினது இவருக்கும் தெரியும். "ஒரு தடவைக்கு ஒரு நாளு. நாளைக்கு ஞாயிறு, அப்புறம் திங்கள், செவ்வாய். மூணும் போச்சு. செவ்வாக்கிழமையே இல்லன்னா வண்டி பாக்க அவன் எப்படிடி வருவான்?" ஜோப்புலேருந்து பட்டன் ஃபோனை எடுத்து நீட்டினாரு, நம்பரு கண்ணுக்குத் தெரியல, அவனுக்கு நீயே போடுன்னாரு. போட்டேன், ரெண்டு தடவை தப்பு நம்பரு. அவரு வாங்கிக் காதுல வச்சுக்கிட்டாரு. நான் சரிவுல எறங்கறதுக்கு வண்டியைக் கிளப்பி, முதல் கியரைப் போட்டு, கிளட்சை ஒரு நூலு ஒரு நூலா விட்டுக்கிட்டிருக்கேன். "வண்டி விக்கலைங்க. ஆமாங்க, மனசு மாறிடுச்சு. நான் எங்க ஓட்டறது. வீட்ல..." நிறுத்தினாரு. ஏரியைப் பாத்தாரு, அப்புறம் என் பக்கம் திரும்பினாரு, எவ்ளோ தெரிஞ்சுதோ அவ்ளோ பாத்தாரு. "அஞ்சலாட்சி ஓட்டுதுங்க"ன்னாரு. என் கால் நழுவி கிளட்சு வெடுக்குனு விட்டுப்போச்சு, வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்னுது.